அறக்குளாவில் தண்ணீர் குறைவு

பயணக் கட்டுரை எழுத எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். இருபத்தாறு வருடங்களாகக் கும்பகோணத்தில் ஒரு பழைய நூலகத்தில் கிழிந்த தாள்களை ஒட்டுகிறேன். பிறர் எழுதியதை ஒட்டித் தருகிறவள் தானே எழுத உட்காருவது, பரிமாற வந்தவள் இலை போட்டு உட்கார்ந்துவிட்டது மாதிரிதான். ஆனாலும் யாழ்ப்பாணம் போய்வந்த பிறகு பார்க்கிறவர்கள் எல்லாம் "எப்படி இருந்தது?" என்று கேட்கிறார்கள். நேரில் சொல்ல எனக்குக் கூச்சம். எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

போயிருக்க வேண்டியவர் எங்கள் நூலகர். அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. இணுவிலில் தயாபரன் என்பவர் ஓர் ஆவண அறை நடத்துகிறார். இரண்டாம் உலகப் போருக்குப் போன யாழ்ப்பாணத்து ஆட்களின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் சேர்த்து, ஸ்கான் செய்து வைக்கிறார். தாள்கள் பொடிந்துபோகும் நிலையில் இருப்பதால், ஸ்கான் செய்வதற்கு முன் அவற்றைச் சரிசெய்துதர ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தார். "நீ போயிட்டு வா ஜெயா" என்றார் நூலகர். முடியாது என்று சொல்லத் தெரியாத காரணத்தால் நான் வெளிநாடு போனேன்.

முதல் நாளே தவறு செய்தேன். யாழ்ப்பாணத்தில் மினிபஸ் ஏறி, இணுவிலில் இறங்க வேண்டும். இங்கே இறங்குகிறவர்கள் தாங்களாகவே "இறக்கம்!" என்று சத்தம் போட வேண்டும். நம் ஊரில் கண்டக்டரே ஊர்ப் பெயரைச் சொல்லி, தூங்குகிறவரையும் எழுப்பிவிடுவார். இணுவில் என்ற பலகையைக் கண்ணால் பார்த்தேன். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. பக்கத்தில் இருந்த பெண், நான் கொட்டாவி விடுகிறேன் என்று நினைத்து இடம் விட்டு உட்கார்ந்தாள். சுன்னாகம் சந்தையில் பாதிப் பேர் இறங்கியபோது அவர்களோடு நானும் இறங்கினேன்.

அங்கே ஓர் ஓட்டோக்காரர் கேட்டார்: "எங்கை போகவேணும்?"

"இணுவில்ங்க."

"உந்த பஸ் அதாலைதானே வந்தது?"

"ஆமாங்க."

"நித்திரையோ?"

"ஆமாங்க" என்றேன். உண்மையைச் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

தயாபரன் சாருக்கு அறுபத்தாறு வயது. அரசாங்க அலுவலகத்தில் தலைமை எழுதுவினைஞராக, நம் ஊர்க் கணக்கில் தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் மூன்று பேனா. வீட்டின் பக்கத்து அறைதான் ஆவண அறை. உள்ளே வெள்ளைத் துணி மூடிய ஸ்கானர் ஒன்று சாமி மாதிரி இருந்தது. அதை அனுப்பிவைத்த வெளிநாட்டு நண்பர்கள் கூடவே ஒரு விதித்தாளும் அனுப்பியிருந்தார்கள். "ஆவணத்தில் பின்னாளில் சேர்க்கப்பட்ட பிளாஸ்டிக், ஒட்டுநாடா, ஒட்டுத்தாள் அனைத்தும் நீக்கப்பட்ட பிறகே ஸ்கான் செய்யவேண்டும்" என்பது அதில் நாலாவது விதி. எந்த ஆவணத்தையும் லேமினேட் செய்யக் கூடாது என்பது ஐந்தாவது. அந்த விதித்தாளைச் சார் லேமினேட் செய்து சுவரில் மாட்டியிருந்தார்.

அவர் மனைவி மனோன்மணி அக்கா இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தார். அந்தக் குழம்பின் நிறத்தைப் பார்த்ததுமே எனக்குக் கண் கலங்கியது.

"உறைப்புக் கூடவோ தங்கச்சி?"

"இல்லீங்கக்கா."

"அப்ப இன்னும் கொஞ்சம் விடுறன்."

போதும் என்பதற்கு அங்கே "காணும்" என்று சொல்ல வேண்டுமாம். அது எனக்கு நாலாவது நாள்தான் தெரிந்தது.

இரண்டாம் நாள் காலை வேலையைத் தொடங்கினோம். அச்சுவேலிக்காரர் ஒருவரின் நாட்குறிப்பு முதலில் வந்தது. ஒரு பட்டாளத்துக்காரரின் நாட்குறிப்பை வாழ்க்கையில் முதல் தடவையாகத் தொடுகிறேன். சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். "இன்று வயிறு சரியில்லை." அடுத்த பக்கம்: "வயிறு பரவாயில்லை." அதற்கடுத்த பக்கம்: "காலை வயிறு சரி. பின்னேரம் சரியில்லை." இப்படியே பதினோரு மாதம். உலகமே அடித்துக்கொண்டிருந்த காலத்தில் அந்த மனிதர் தன் வயிற்றோடு தனியாக ஒரு போர் நடத்தியிருக்கிறார். எங்கள் மாமா ஒருவர் இப்படித்தான், அவருக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் மட்டும் இல்லை.

பத்து மணிக்கு வாசலில் ஓட்டோ சத்தம் கேட்டது. குருநகரிலிருந்து பிலோமினா அம்மாவும் அவர் தம்பி அருளப்புவும் வந்திருந்தார்கள். அம்மாவுக்கு எழுபத்தேழு வயது. தம்பி அவரைவிட ஏழு வயது இளையவர். ஓட்டோ அவருடையது. அம்மாவின் மடியில் நீல நிறத்தில் ஒரு ரெக்ஸின் பை. இங்கே பல வீடுகளில் இப்படி ஒரு பை உண்டாம். காணி உறுதி என்கிற நிலப் பத்திரம், பிறப்புப் பத்திரம், ஞானஸ்நானப் பத்திரம் எல்லாம் அதில் இருக்கும். சண்டைக் காலத்தில் ஓடவேண்டி வந்தால் பிள்ளைகளை ஒரு கையிலும் பையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். அம்மாவின் பையில் கூடுதலாக நாற்பத்தொரு கடிதங்கள் இருந்தன. அவர் அப்பா சவிரிமுத்து, கப்பல்களில் சாமான் ஏற்றி இறக்கும் படைப்பிரிவில் சேர்ந்து கடல் கடந்து போனவர். கடிதங்கள் அவர் மனைவி மதலேனாவுக்கு எழுதியவை.

"மூண்டு தரம் காவிக்கொண்டு ஓடினனான் தம்பி" என்றார் அம்மா சாரிடம். "இனி ஏலாது. கண்ணும் மங்கிக்கொண்டு வருது. பிள்ளையள் பிரான்சிலை. அதுகளும் வாசிக்கோணும். வடிவா எடுத்து வையுங்கோ."

சார் முதல் கடிதத்தை வெள்ளைத் துணியில் வைத்து, கோயிலில் தேவாரம் படிக்கிற குரலில் வாசித்தார்.

"நாங்கள் சென்ற கிழமை அறக்குளாவுக்கு வந்து சேர்ந்தோம். அறக்குளாவில் தண்ணீர் குறைவு. மூன்று நாளைக்கு ஒருமுறைதான் குளிப்பு."

வாசித்து நிறுத்தியவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து உலகப்படப் புத்தகத்தை எடுத்து வந்தார். தண்ணீர் குறைவென்றால் பாலைவனம்தான் என்று, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு எகிப்துப் பக்கம் தேடினார். பிறகு லிபியாவில் தேடினார். கால் மணி நேரம் போனது. அருளப்பு அண்ணன் மட்டும் சிரிப்பை அடக்கித் தோளைக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

"தயாபரண்ணை, அதை உந்தப் புத்தகத்திலை தேடாதேங்கோ. பாசையூர்ச் சந்தையிலை தேடுங்கோ. அறக்குளா மீனல்லோ!"

"மீன் எண்டு எனக்கும் தெரியும்" என்றார் சார் விறைப்பாக. அவர் பிறந்ததிலிருந்து சைவம். "மீனுக்குள்ளை மனிசர் எப்பிடி வந்து சேருறது? அப்பிடி ஓர் ஊரும் இருக்குமெண்டு நினைச்சனான்."

நான் கடிதத்தை வெளிச்சப் பலகையில் வைத்துப் பார்த்தேன். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அந்தக் காலத்தில் பட்டாளத்துக் கடிதங்களை மேலதிகாரிகள் படித்துப் பார்த்து, இடப் பெயர் வந்தால் பிளேடால் வெட்டி எடுத்துவிடுவார்களாம். இந்தக் கடிதங்களிலும் வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய ஓட்டைகளுக்குப் பின்னால் யாரோ நோட்டுப் புத்தகத் தாளைச் சின்னச் சின்னதாக வெட்டி, மாவுப் பசையால் ஒட்டி, ஓட்டை இருந்த இடத்தில் கோப்பிப் பென்சிலால் எழுதியிருக்கிறார்கள். கோப்பிப் பென்சில் என்றால் நாக்கில் தொட்டால் ஊதாவாகும் பழைய பென்சில். ஓட்டைக்குள் எழுதியிருந்ததெல்லாம் மீன்கள். அறக்குளா, ஒட்டி, பாரை, சூடை.

"அப்பா எழுதினதுதான்" என்றார் பிலோமினா அம்மா. "திரும்பி வந்தாப் பிறகு ஒட்டினவர். அப்பா பாரையிலை ரெண்டு வருசம் இருந்தவர். ஒட்டியிலை சரியான குளிர். சூடையிலைதான் கால் உளுக்கினது."

அம்மா இதைச் சொன்ன விதம், நம் ஊரில் "டெல்லியில் இரண்டு வருடம் இருந்தார்" என்று சொல்வோமே, அப்படித்தான் இருந்தது. அவர் வளர்ந்ததே இந்தப் பூகோளத்தில்தான்.

"எந்த மீன் எந்த ஊரும்மா?" என்று கேட்டேன்.

"அது அம்மாவுக்கு மட்டும் தெரியும். கேட்டால் 'உங்களுக்கேன்?' எண்டுவா. சொல்லாமலே கண்ணை மூடிட்டா."

சார் எழுந்துபோய்ச் சுவரில் இருந்த விதித்தாளுக்கு முன்னால் நின்றார். பிறகு திரும்பினார். "பிலோமினாக்கா, குறை நினைக்காதேங்கோ. உந்த ஒட்டெல்லாம் பின்னாளிலை சேர்த்தது. கழட்டிப்போட்டுத்தான் ஸ்கான் பண்ணலாம். நாலாம் விதி. மாப் பசைக்குப் பூச்சியும் வரும். வெட்டின கடிதம்தான் உண்மையான கடிதம்."

அம்மா பையின் வாயை இழுத்து மூடினார். "ஒட்டைக் கழட்டுறதெண்டால் கடிதமும் இல்லை. நான் கொண்டுபோறன். செத்தால் என்னோடை பெட்டிக்குள்ளை வைக்கட்டும்."

"அக்கா, அப்ப ஒருத்தருக்கும் கிடையாமல் போயிடும்."

"போகட்டும்."

சார் என்னைப் பார்த்தார். "தங்கச்சி உதுக்கெண்டுதானே வந்தவ. சேதமில்லாமல் கழட்டலாம்தானே?" நான் தலையை ஆட்டினேன். அம்மா என் கையைப் பிடித்தார். "பிள்ளை, நீ கழட்டமாட்டாய்தானே?" அதற்கும் தலையை ஆட்டினேன். இரண்டு பேருக்கும் திருப்தி. அம்மா பையை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். ஒட்டு இல்லாத பதினேழு கடிதங்களை அன்றும் மறுநாளும் முடிப்பது, ஒட்டு உள்ளவற்றை நாலாம் நாள் எடுப்பது என்று சார் அட்டவணை போட்டார். அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. உறைப்பால் அல்ல.

மூன்றாம் நாள் மத்தியானம் பிலோமினா அம்மா வீட்டில் சாப்பாடு. அருளப்பு அண்ணன் ஓட்டோவோடு வந்தார். சாரையும் அழைத்தார். "கூழ் காய்ச்சியிருக்கு அண்ணை, நண்டு போட்டு" என்று அவர் சொன்னதும் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

போகிற வழியில் அண்ணன் எதிரே வந்த எல்லோரோடும் கதைத்தார். சைக்கிளில் வந்த ஒருவரிடம் திரும்பிப் பார்த்தபடியே அரை மைல் கதைத்தார். "இந்தியாவிலையிருந்து வந்தவ, அப்பாவின்ரை கடிதம் ஒட்ட" என்று என்னை ஊர் முழுக்க அறிமுகம் செய்தார். நான் சேலைத் தலைப்பால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டேன். தண்டவாளத்தைக் கடக்கும்போது ஓட்டோ நின்றுவிட்டது. அண்ணன் இறங்கவில்லை. எட்டிப் பார்த்துக் கேட்டார்:

"பிள்ளை, இந்தியாவிலை ஓட்டோ தள்ளிப் பழக்கமோ?"

"இல்லீங்கண்ணே."

"அப்ப இண்டைக்குப் பழகலாம்."

தள்ளினேன். பின்னால் வந்த இரண்டு பள்ளிக்கூடப் பெண்களும் சேர்ந்து தள்ளினார்கள். ஓட்டோ கிளம்பியதும் அண்ணன் என்னை விட்டுவிட்டே கொஞ்ச தூரம் போய்விட்டார். திரும்பி வந்து, "சத்தம் போடாமல் நிண்டால் எனக்கெப்பிடித் தெரியும்?" என்று என்னையே கோபித்தார்.

அம்மா வீடு கடலுக்கு நாலு வீடு இப்பால். கதவைத் திறந்ததும் முதல் கேள்வி, இங்கே அவர் பார்க்கிற நம் ஊர்த் தொலைக்காட்சி நாடகத்தைப் பற்றி. "அந்த மாமியார்க்காரி பேந்து என்ன செய்வாள்? உங்களுக்கு முன்னமே தெரியுமோ?" நான் அந்த நாடகம் பார்ப்பதில்லை என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. நான் இந்தியாவிலிருந்து வந்ததன் பயனே போய்விட்டது.

கூழ் என்றால் எனக்குக் கம்பங்கூழ்தான் தெரியும். மோரும் வெங்காயமும் சேர்த்துக் குடித்தால் குளிர்ச்சி. இங்கே கூழ் என்பது கொதிக்கிற கடல். பனங்கிழங்கு மாவில் நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மீன் எல்லாம் கிடக்கின்றன. நண்டின் கால் ஒன்று குவளைக்கு வெளியே நீட்டிக்கொண்டு என்னையே பார்த்தது. அருளப்பு அண்ணன் ஒரு துண்டை அகப்பையால் தூக்கிக் காட்டினார். "உதுதான் பாரை. அப்பா ரெண்டு வருசம் இருந்த இடம். சாப்பிட்டுப் பாருங்கோ, முள்ளுக் கிடக்கும்."

"சும்மா இரடா" என்றார் அம்மா. சிரித்தார்.

சாப்பிட்ட பிறகு அம்மா அந்த ஒட்டுகளின் கதையைச் சொன்னார். போர் நடந்தபோது ஒரு கடிதம் வந்ததாம். மேல் வரியில் "அன்புள்ள" என்று இருக்கிறது. அடுத்து ஓர் ஓட்டை. தாளின் மறுபக்கத்தில் அதே இடத்தில் ஏதோ ஊர்ப் பெயர் இருந்திருக்கிறது. அதை வெட்டியபோது முன்பக்கத்தில் மதலேனா என்ற பெயரும் சேர்ந்து போய்விட்டது. கோயில் வாசலில் வைத்துக் கடிதத்தைப் பிரித்ததால் பக்கத்தில் நின்ற பெண்களும் பார்த்துவிட்டார்கள்.

"ஆருக்கடி எழுதினவன், பேரை வெட்டிப்போட்டு அனுப்பியிருக்கிறான் எண்டு சிரிச்சவையாம். அங்கை ஒருத்தி இருக்கிறாள்போலை எண்டும் சொன்னவையாம். அம்மா அழேல்லை. கடிதத்தை மடிச்சு இடுப்பிலை செருகிக்கொண்டு வந்திட்டா. அப்பா வந்து இறங்கினதும் சோறு போடேல்லை. முதல் அதைத்தான் நீட்டினவ. 'என்ரை பேரை எழுதும்' எண்டு."

அவர் எழுதினார். அதோடு விடாமல், மற்ற ஓட்டைகளையும் அடைக்கச் சொன்னாராம் மனைவி. ஞாயிற்றுக்கிழமைதோறும் பூசை முடிந்து வந்ததும் ஒரு கடிதத்துக்கு ஒட்டு. அங்கேதான் சிக்கல் வந்தது. ஊர்ப் பெயர்களை வெளியில் சொல்வதில்லை என்று சவிரிமுத்து படையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்.

"சண்டைதான் முடிஞ்சுபோச்சே எண்டு அம்மா கேட்டவ. அதுக்கு அப்பா சொன்னவராம், 'முடிஞ்சதெண்டு எனக்கு எழுத்திலை ஒருத்தரும் தரேல்லை' எண்டு. கடைசியிலை ஊருக்கு ஒரு மீனாப் போட்டவர். வாயாலை அம்மாவுக்குச் சொல்லியிருப்பார். தாளிலை எழுதேல்லை."

விடைபெறும்போது அம்மா எனக்கு ஒரு போத்தல் நிறைய இறால் கருவாட்டுச் சம்பல் கொடுத்தார். "நீ கழட்டமாட்டாய் எண்டு சொன்னபடியால்தான் எனக்கு நித்திரை வந்தது பிள்ளை" என்றார். அந்தப் போத்தலைத் தூக்கிக்கொண்டு ஒரு சைவ வீட்டுக்குத் திரும்பினேன். மனோன்மணி அக்கா அதை வாங்கி, கிணற்றடியில் ஒரு கல்லின் மேல் தனியாக வைத்தார். காகங்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தன.

நாலாம் நாள். நான் ஆவண அறைக்குப் போனபோது சார் எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தார். கிண்ணத்தில் தண்ணீர், பஞ்சு, மையொற்றுத் தாள், மெல்லிய கத்தி. ஒட்டு உள்ள இருபத்துநாலு கடிதங்கள் வரிசையாக இருந்தன. ஒன்பது மணிக்கு பிலோமினா அம்மாவும் தம்பியும் வந்து உட்கார்ந்தார்கள். அம்மா கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சாரும் என்னைப் பார்த்தார். நான் கிண்ணத்தைப் பார்த்தேன்.

எங்கள் வேலையில் எதைச் செய்வதற்கும் முன்னால் ஓர் ஓரத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும். அதையாவது செய்கிறேன் என்று, ஒட்டுத்தாளின் எழுத்தில்லாத ஓர் ஓரத்தில், பென்சிலின் சின்ன இழுப்பு ஒன்று இருந்த இடத்தில், பஞ்சு நுனியால் தொட்டேன். ஒரு கடுகளவு ஈரம்தான். சாம்பல் நிற இழுப்பு கண்ணெதிரே ஊதாவாகி, பூ விரிவது மாதிரி விரிந்தது. உடனே ஒற்றி எடுத்தேன்.

"முடியாதுங்க சார்" என்றேன்.

எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. அருளப்பு அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன முடியாது?"

"தண்ணி பட்டா எழுத்து கரையுதுங்க. எல்லாம் ஊதாவாப் போயிடும்."

"அப்ப தண்ணி வேண்டாம். ஈரமில்லாமலே கத்தியாலை எடுப்பம்."

"அதுவும் முடியாதுங்க சார்." இரண்டாவது தடவை சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. கோயில் வாசலில் பிரித்த அந்தக் கடிதத்தை முந்தின நாள் இரவே தேடி, வரிசையில் முதலாவதாக வைத்திருந்தேன். மீன் பெயர் இருந்த பக்கத்தைக் காட்டினேன். சூடை என்று இருந்தது. பிறகு தாளைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன்.

சார் வாசித்தார். "அன்புள்ள மதலேனாவுக்கு." பெயர் மட்டும் பென்சிலில் இருந்தது.

"அந்தப் பக்கம் ஊர்ப் பேரை வெட்டினப்ப இந்தப் பக்கம் இருந்ததும் போயிருக்குங்க. அதையெல்லாம் அவரே திரும்ப எழுதி வச்சிருக்காரு. எல்லா ஒட்டுலயும் இப்படித்தாங்க. ஒரு பக்கம் மீனு. மறுபக்கம் நிஜமான வார்த்தை. ஒட்டை எடுத்தா இதுவும் போயிடும்." நான் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதை என் வீட்டுக்காரர் கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

சார் ஒவ்வொரு கடிதமாகத் திருப்பிப் பார்த்தார். "காலுக்கு எண்ணெய்" என்று ஒன்றில் இருந்தது. "தோணிக்குத் தார்" என்று இன்னொன்றில். "கோபிக்க வேண்டாம்" என்று ஒன்றில். பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறியது. ஆனால் சுவரில் விதித்தாள் இருந்தது.

"எல்லாம் சரி. ஊர்ப் பேரை ஏன் எழுதேல்லை அவர்? எழுதியிருந்தால் உந்தக் கரைச்சலே இல்லை."

பிலோமினா அம்மா தன் அப்பா சொன்ன பதிலைச் சொன்னார். முடிந்ததென்று எழுத்தில் ஒருத்தரும் தரவில்லை என்பதை.

முப்பது வருடத்துக்கு மேல் கோப்புகளோடு இருந்த தயாபரன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த மனிசன் சொன்னது சரிதானே" என்றார். "எழுத்திலை வராமல் எப்பிடி?"

"ஐயோ" என்றார் அருளப்பு அண்ணன். "எங்கடை அப்பா உங்களுக்கு அண்ணனாப் பிறந்திருக்கவேணும்."

சார் அதைக் கவனிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, எனக்கும் எழுத்திலை வேணும். நாலாம் விதியை ஏன் கைக்கொள்ளேல்லை எண்டு நாளைக்கு ஸ்கானர் தந்தவை கேட்பினம். கழட்டக் கூடாதெண்டு நீங்கள் எழுதி, ஒப்பம் வைச்சுத் தந்தால் ஒட்டோடையே ஸ்கான் பண்ணுவம். தராட்டில் அக்கா பையைக் கொண்டுபோகலாம். எனக்கு வேறை வழி தெரியேல்லை."

"நான் வெறும் ஒட்டுற ஆளுங்க சார். படிச்சவங்க யாராவது..."

"ஒட்டைப் பற்றி ஒட்டுற ஆள்தானே எழுதவேணும்?"

அம்மா என் மேசையிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பையின் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தார்.

இருபத்தாறு வருடத்தில் நான் கையெழுத்துப் போட்டது வருகைப் பதிவேட்டில் மட்டும்தான். சார் மூன்று பேனாவில் ஒன்றைத் தந்தார். எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். மனோன்மணி அக்கா பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார், அது ஆறிப்போனது. நாலாவது தாளில் இப்படி முடிந்தது:

"இந்த இருபத்துநாலு கடிதங்களில் உள்ள ஒட்டுகளைக் கடிதம் எழுதியவரே ஒட்டியிருக்கிறார். இரண்டு பக்கமும் அவரே எழுதியிருக்கிறார். ஆகையால் இவை பின்னாளில் பிறர் சேர்த்தவை அல்ல. கடிதம் எழுதி முடிய அவருக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது. ஒட்டுகளை நீக்கினால் கடிதம் குறைந்துபோகும். நீக்கக் கூடாது."

சார் இரண்டு தடவை வாசித்தார். ஓர் எழுத்தையும் திருத்தவில்லை. "பேருக்குக் கீழை பதவி போடுங்கோ" என்றார். எனக்குப் பதவி என்று ஒன்று இல்லை. கொஞ்ச நேரம் யோசித்து, "தாள் ஒட்டுபவர்" என்று எழுதினேன். அவர் அதன் மேல் ரப்பர் முத்திரை குத்தி, தேதி போட்டு, கோப்பில் சேர்த்தார்.

பிலோமினா அம்மா எழுந்து வந்து நான் எழுதியதைக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். மங்கிய கண்ணால் எவ்வளவு தெரிந்ததோ, தெரியாது. "வடிவான எழுத்து" என்றார். பிறகு பையைத் திறந்து மேசையில் கவிழ்த்தார். காணி உறுதியும் ஞானஸ்நானப் பத்திரங்களும் சேர்ந்து விழுந்தன.

"இதுகளையும் எடுத்து வையன் தம்பி" என்றார் சாரிடம்.

அன்று பின்னேரம் ஸ்கான் செய்த கடிதங்களுக்குச் சார் பட்டியல் போட்டார். எழுதிய இடம் என்ற பத்தியில் முத்து முத்தான எழுத்தில் அறக்குளா, ஒட்டி, பாரை என்று எழுதினார். ஒவ்வொரு மீனின் பெயரையும் சரியாக எழுதுவது எப்படி என்று அருளப்பு அண்ணனிடம் கேட்டார். அண்ணன் எழுதுவதைச் சொன்னதோடு, குழம்பு வைக்கும் முறையையும் சொன்னார். மனோன்மணி அக்கா உள்ளேயிருந்து, "ஸ்கானர் இருக்கிற அறையிலை உதெல்லாம் கதைக்காதேங்கோ" என்றார்.

மறுநாள் பத்து மணிக்கு மின்சாரம் போய், பதினொன்றரைக்கு வந்தது. மீதி இருந்த ஒன்பது கடிதங்களை இரண்டு பக்கமும் ஒட்டுகளோடு ஸ்கான் செய்தோம். பின்னேரம் அருளப்பு அண்ணன் என்னை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டார்.